திரௌபதி வீட்டுத் துளசி

நைனாவுக்கு, பழவேற்காட்டிலிருந்து வேணு கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

என் எசமானரான ஒல்லாந்து வைத்தியர் துளசி, தும்பை, நொச்சி எல்லாம் ஒரே குலம் என்கிறார். நாற்கோணத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு பிரிந்த பூ, இவைதான் அடையாளமாம்.

நேற்று பக்கத்து மீனவக் குப்பமான பசியாவரத்தில், கடலுக்குப் போன புருஷனுக்காகத் திரௌபதி என்பவள் விளக்கேற்றும் துளசியை, உலர்த்திப் பார்க்க வேண்டுமென்று என்னைப் பிடுங்கச் சொன்னார். மறுத்தேன். அவரே வேரோடு பிடுங்கினார்.

"அவரு இன்னும் கரைக்கு வரலியே! இந்த ஆளை இட்டாந்தது நீதானே?" என்று அவள் என்னிடம் கத்தினாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செடியை அவர் கையிலிருந்து பறித்து அங்கேயே நட்டேன். வேலை போயிற்று. கவலைப்படாதீர்கள், உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள்.

அவள் புருஷன் இன்று பத்திரமாகத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. சொல்லி ஆற்றிக்கொள்ள இங்கே யாருமில்லை. நட்ட செடியும் வாடிவிட்டது. நம் வீட்டுத் துளசி விதை கொஞ்சம் இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடமே கொடுத்தனுப்புங்கள். வாசலில் அவசரப்படுத்துகிறார்.

வேணு