பசை இறுகும் நேரம்

நவம்பர் 14, வெள்ளி

பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் நசீமா, மீனை ஏமாற்ற முள்ளில் இறகு கட்டிச் செய்து கொடுத்த போலித் தூண்டில் பூச்சிக்கு எபாக்ஸி பசை பூசிக்கொண்டிருந்தேன். பூசியதும் ஐந்து நிமிடம் முள்ளைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பசை ஒரு பக்கமாக வழிந்துவிடும். அந்த நேரம் பார்த்து அவளே வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"மூலக்குளத்துல மாப்ள பாத்துட்டாங்க. ஞாயித்துக்கிழம பேசி முடிக்கப் போறாங்க. நீ ஒரு வார்த்த சொன்னா, நான் வீட்ல சொல்லிடுவேன் மணி."

மூன்று வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொல்ல இதைவிட வேறு நேரம் ஏது? நான் சொன்னது இதுதான்: "அஞ்சு நிமிஷம் இரு, பசை வழிஞ்சிடும்."

பயம். பழியைப் பசைமேல் போட்டேன்.

இருந்தாள். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசை இறுகிவிட்டது. அப்போதும் நான் சுழற்றிக்கொண்டிருந்தேன். அது எப்போது இறுகும் என்று அவளுக்குத் தெரியாதா?

"போதும் மணி, காஞ்சிடுச்சு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது விளக்கடியில் வைத்துப் பார்க்கிறேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு குமிழிகூட இல்லை.