ஹாரனுக்குக் கழித்த இரண்டாயிரம்

அன்பு அத்தானுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோதும் நாம் சண்டை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் பேசாமல் இருந்தது உண்டு. கடைசியில் எப்போதும் நான்தான் முதலில் வாயைத் திறப்பேன். இந்தத் தடவையும் அப்படியே ஆகிவிட்டது. இதை நம் திருச்சபையின் ஆண்டு மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உங்களைத் திட்ட நான் வழக்கமாக வைத்திருக்கும் சில வார்த்தைகளை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் பழைய பியட்டைப் பற்றியது. அதை யார் வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

நீங்கள் போன பிறகு கார் ஷெட்டிலேயே நின்றது. ஷார்ஜாவிலிருந்து உங்கள் மகன், "அம்மா, அத ஆக்கிரிக்காரனுக்குக் குடுத்திரு, இடமாவது மிஞ்சும்" என்றான். இரும்பை எடைக்கு வாங்கும் ஆக்கிரிக்காரனுக்கு உங்கள் பியட்! அக்கா ஃபோனை வைத்துவிட்டுப் போய் ஷெட்டைப் பூட்டினாள். பிறகு காட்டாக்கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், எண்பதாயிரம் என்றார். மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு லட்சம் என்றார். ஆனால் கேரளத்துப் பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுகிற செலவை நாம்தான் ஏற்க வேண்டுமாம். எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நிற்கிற வண்டிக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் எப்போதும் சொல்லும் கதை அது.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். மோதின வண்டி, வெள்ளத்தில் மூழ்கின வண்டி, மரம் விழுந்த வண்டி என்று பார்த்து, இது இவ்வளவு பெறும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தே நெய்யாற்றின்கரையில் வீடு கட்டியவன் நான். உங்கள் காருக்கு விலை சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

கைக்குட்டையில் காந்தத்தைச் சுற்றிக்கொண்டு பாடி முழுவதும் தடவிப் பார்த்தேன். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் பூசியிருக்கிறது என்று அர்த்தம். இடது பக்கக் கதவின் கீழே முழுக்கப் பட்டி. கம்பளத்தைத் தூக்கினால் தரைத் தகட்டில் துரு. கோட்டுகாலில் உங்கள் நண்பர் வீட்டில், கடற்காற்றில் ஒரு மழைக்காலம் முழுவதும் நிறுத்தாதீர்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். நீங்கள் கேட்டீர்களா?

இன்ஜின் அசல். அதற்குக் கூட்டினேன். கே.எல்.டி. என்று தொடங்கும் பழைய எண்ணும், முதல் நாள் முதல் உள்ள காகிதங்களும் இருக்கின்றன. அதற்கும் கூட்டினேன். ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியர் இன்னும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. இந்த மாதிரி வண்டிகளுக்கு வயது ஏற ஏற விலை ஏறும். ஆனால் கம்பெனி கொடுத்தபடியே இருந்தால்தான் ஏறும். நீங்கள்தான் டேஷ்போர்டை அறுத்து கேசட் பிளேயர் வைத்தவராயிற்றே. அதற்கு ஐயாயிரம் கழித்தேன். அந்த லாரி ஹாரன்! இத்தனை சின்ன வண்டிக்குள் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்தால் எதிரே வருகிறவன் ஓரம் கட்டிவிட்டு லாரியைத் தேடுவான். அசல் ஹாரன் இல்லாததற்கு இரண்டாயிரம் கழித்தேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், யார் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான் கழித்திருப்பேன்.

"எவ்வளவு பெறும் மக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணே முக்கால் லட்சம். அதுக்கு மேல ஒருத்தன் தந்தா அவன் மண்டையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தமாக்கும்."

"அவ்வளவு உண்டா?" என்றாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் காரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு அந்தக் கார் வேண்டும். சனிக்கிழமைதோறும் நாம் இருவரும் அதில்தான் காட்டாக்கடைச் சந்தைக்குப் போவோம். போகும்போது அரசியல் சண்டை, வரும்போது மீன் விலைச் சண்டை. உங்களோடு சண்டை போட்ட இடம் வேறு எதுவும் எனக்கு மிச்சமில்லை. ஒண்ணே முக்காலை அன்றைக்கே எண்ணிக் கொடுத்திருப்பேன். ஆனால் கூடப்பிறந்தவர்களுக்குள் விலை பேசுவது நம் குடும்பங்களில் கிடையாது. கேட்டால் சும்மா கொடுத்துவிடுவாள். சும்மா வாங்கினால் நாளைக்கு உங்கள் மகனின் கண்ணைப் பார்த்துப் பேச முடியுமா? அக்காவாகவே "நீ எடுத்துக்கோ" என்று ஒரு விலையோடு சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளும் எதற்கோ காத்திருந்தாள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஃபோன் வந்தது.

"மக்கா, நான் காரை அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக் குடுத்தாச்சு. அத்தான் பேருல."

"யாருகிட்டக் கேட்டுட்டுக் குடுத்தே?"

"எலே, ஆண்டவருக்குக் குடுக்கதுக்கு உங்கிட்டக் கேக்கணுமா?"

எனக்கு வந்த கோபத்தில் ஆண்டவரையும் சேர்த்து ஏதோ சொல்லிவிட்டேன். அதை மலரில் போட வேண்டாம்.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் நம் ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் வாழைக்குலை, சேனை, கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் விடுவோம். ஒரு தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். அது தேங்காயின் விலை இல்லை, கேட்பவரின் காணிக்கை. எடுத்தவர் பணத்தைச் சொல்லிவிட்டுப் பொருளைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுக்கலாம். ஒரே கோழி நான்கு பேர் கைக்குப் போய் வந்து, ஐந்தாமவர் வீட்டுக் குழம்பானது உண்டு. கொடுத்ததைத் திரும்பக் கேட்க மட்டும் கூடாது. ஆசை இருந்தால் ஏலத்தில் கேட்டு எடுக்க வேண்டியதுதான்.

நீங்கள் அதில் ஒரு வேலை பார்ப்பீர்களே, ஏற்றிவிடுகிற வேலை! வாங்கும் எண்ணமே இல்லாமல், சபைக்கு நாலு காசு சேரட்டும் என்று அடுத்தவனை உசுப்பி ஏற்றிவிட்டு, சரியான நேரத்தில் வாயை மூடிக்கொள்வது. ஒரு வருடம் எதிராளி உங்களுக்கு முன்னால் வாயை மூடிவிட்டான். மூவாயிரம் ரூபாய்ப் பூசணிக்காயைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனீர்கள். அக்கா ஒரு வாரம் அதையே கறி வைத்துப் போட்டாள். நான் தினமும் சாப்பிட வந்து உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனேன்.

பண்டிகை அன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று எனக்கே சொல்லிக்கொண்டேன்: ஒண்ணே முக்கால், அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. பிழைப்பு முழுவதும் அடுத்தவர் பொருளுக்குச் சரியான விலை சொன்னவன், தன் கைப் பணத்தில் முட்டாளாகக் கூடாது.

காரைக் கழுவி முற்றத்தில் நிறுத்தி, பானெட் மேல் ஒரு செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அக்கா வெளியே வரவில்லை, கோவிலுக்குள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மைக்கில் தொகை மட்டும் கேட்கும். கேட்கிறவர் பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

காட்டாக்கடைக்காரரும் வந்திருந்தார். ஒரு லட்சத்து இருபதில் அவர் நின்றுவிட்டார். பிறகு எனக்கு எதிராக ஒரே ஒருவர்தான். பெருங்கடவிளையில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கிறாரே சுகுமாரன், அவர். நம் சபைக்காரர் இல்லை என்றாலும் ஏலத்துக்கு வருடம் தவறாமல் வந்து குலைகளை அள்ளிப் போகிறவர். அவருக்கு எதற்குப் பியட்? யாரோ பாகம் பாகமாகக் கழற்றி விற்கிறவனுக்காகக் கேட்கிறார் என்று முடிவு கட்டினேன். உங்கள் ஸ்டியரிங் ஒரு கடையிலும் கதவு இன்னொரு கடையிலும் தொங்குவதை நினைத்தேன்.

ஒண்ணே முக்கால் வந்தது. நான்தான் சொன்னேன். "ஒண்ணு எண்பது" என்றார் சுகுமாரன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும் அத்தான். என் வாய் "ஒண்ணு எண்பத்தஞ்சு" என்றது. ரெண்டு, ரெண்டு பத்து, ரெண்டு இருபது. ஏலம் விடுகிற சபைச் செயலர் கூடத் தமாஷ் சொல்வதை விட்டுவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரெண்டரை என்று சுகுமாரன் சொன்னபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கோவில் கதவைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நான் ஐம்பத்திரண்டு என்றதும் ஐம்பத்தைந்து என்றார். நான் அறுபது என்றேன்.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். செயலர் என் பெயரை மைக்கில் சொன்னார்.

சுகுமாரன் நேராக என்னிடம் வந்தார். "சாரே, என்ன காரியம் செய்தீங்க? டீச்சர் ரெண்டரை வரை போகச் சொன்னாங்க. அவங்க இருந்த இருப்ப நினைச்சு நானாட்டு அஞ்சு கூட்டினேன்."

"எந்த டீச்சர்?"

"உங்க அக்கா டீச்சர் தான். குடுத்த பெறகு காரு இல்லாத ஷெட்டப் பாக்க முடியல்ல, நீ எனக்கு வேண்டி ஏலம் விளிச்சுத் தா, தம்பி அறிஞ்சா சீத்த விளிச்சுத் திட்டுவான்னு சொன்னாங்க. நான் சாரும் அத்தானப் போல சும்மா ஏத்தி விடுதீங்கன்னுல்லா நினைச்சேன்!"

கொடுத்ததைத் தானே ஏலம் கேட்டால் தம்பி திட்டுவான் என்று அவள் ஒளிந்தாள். கூடப்பிறந்தவளிடம் விலை பேசக் கூடாது என்று நான் ஒளிந்தேன். எதிரே யாரும் இல்லாமல் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஏற்றிவிட்டிருந்தோம். நீங்கள் அங்கே இருந்திருந்தால் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியிருக்கும்.

அக்கா என் பெயரைக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. "எலே, நீயா?" என்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. வேற யாரும் இல்லல்லா" என்றாள். சொல்லும்போது அவள் உதடு கோணிக்கொண்டது.

நீயே வைத்துக்கொள் என்று சாவியை நீட்டினால் வாங்க மாட்டாள். உங்களுக்குத் தெரியும், உங்களோடு வாழ்ந்த காலம் முழுவதும் யாரிடமும் சும்மா ஒரு கறிவேப்பிலை வாங்காதவள். நான் போய்ச் செயலரிடமிருந்து மைக்கை வாங்கினேன். என் குரலே எனக்கு வேறு ஆளுடையது போல் இருந்தது. "ரெண்டு அறுபது என் காணிக்கை. வண்டிய மறு ஏலத்துக்குக் குடுக்கேன்."

முற்றத்தில் எல்லோருக்கும் அதற்குள் விஷயம் புரிந்திருந்தது. சுகுமாரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காட்டாக்கடைக்காரர் வேலிப்பக்கம் போய் நின்றுகொண்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செயலர் மெதுவாக, "டீச்சர், ஐயாயிரத்துல தொடங்குனாப் போதும்" என்றார்.

அக்கா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒண்ணே முக்கால் லட்சம்."

"டீச்சர், எதிரா ஆளே இல்ல..."

"என் தம்பி பாத்துச் சொன்ன வெலையாக்கும் அது. அதுக்குக் குறைச்சு நான் வாங்க மாட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள். என் தொழிலில் எத்தனையோ பேர் என் விலையை மறுத்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு ரூபாய் பேசாமல் அப்படியே ஏற்றுக்கொண்டது இவள் ஒருத்திதான். நான் அழுதுவிட்டேன் அத்தான். செவ்வந்தி மாலையைக் கழற்றுகிற சாக்கில் பானெட் பக்கம் குனிந்துகொண்டேன்.

ஆக, உங்கள் பியட் உங்கள் ஷெட்டிலேயே நிற்கிறது. உங்கள் மகனிடம் சொன்னதற்கு, "மாமாவுக்கு எந்து பற்றி?", என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டானாம். சபைக்கு நாலு லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறது. இல்லாத காருக்கு அடுத்த அறுப்பு வரைக்கும் நான் தவணை கட்டுகிறேன். விலை சொல்லுகிற வேலையையும் நிறுத்தவில்லை, ஆனால் "அதற்கு மேல் தருகிறவன் முட்டாள்" என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

சனிக்கிழமை காலையில் அக்காவே ஃபோன் பண்ணுகிறாள்: "எலே, வாறியா? சந்தைக்குப் போகணும்." நான்தான் ஓட்டுகிறேன். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் நான், நான் உட்கார்ந்த இடத்தில் அக்கா. மீன் விலையில் அவளிடம் என் வாதம் எடுபடுவதே இல்லை.

முதல் சனிக்கிழமை, நீங்கள் படுத்திருக்கிற சபைக் கல்லறைத் தோட்டத்து வளைவு வந்ததும், "அந்த ஹாரன அடி" என்றாள். அடித்தேன். எதிரே வந்த பஸ்காரன் ஓரம் கட்டிவிட்டு லாரியைத் தேடினான். அக்கா, நீங்கள் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

அசல் ஹாரன் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை மாட்டினால் வண்டியின் விலை ஏறும். மாட்ட மாட்டேன். சனிக்கிழமைதோறும் அந்த வளைவில் உங்கள் ஹாரனையே அடிக்கிறேன், இது வாக்கு. காதில் விழுந்தால் எழுந்து லாரியைத் தேடாதீர்கள். அது நாங்கள்தான்.

அதற்கு இரண்டாயிரம் கழித்த,
உங்கள் மச்சினன்