காசிக்கு ஒரு கேமரா

கார்த்திகை, செவ்வாய் இரவு.

தேரடித் தெரு கேமராக் கடையில் இன்று எனக்கு மகத்தான தோல்வி. அடுத்த வாரம் காசிப் பயணம். கங்கையில் இரவில் மிதக்கும் விளக்குகளோடு நாங்கள் இருவரும் ஒரே படத்தில் இருக்க வேண்டுமாம். என் மனைவி கமலாவின் ஆசை.

கல்யாணமான வருஷம் மகாதீபத்தன்று, மலையுச்சி ஜோதி பின்னால் தெரிய அவளை நிறுத்தி, ஒரு ரோல் முழுக்க ஃபிளாஷ் அடித்துத் தள்ளினேன். பவுடர் டப்பாவில் விழுந்தெழுந்த மாதிரி அவள் முகம் மட்டும் வந்தது. தீபமும் இல்லை, மலையும் இல்லை. அண்ணாமலையையே காணாமலடித்தவன் மூவுலகிலும் நான் ஒருவன்தான்.

இன்று பீரங்கி மாதிரி ஒரு ஜூம் கேமராவைத் தூக்கினேன். நிலாவில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும் என்று முழங்கினேன்.

"லைட்ட அணைங்க தம்பி," என்றாள் கமலா கடைக்காரரிடம். சாமி படத்தடியில் இருந்த தட்டை எடுத்துக் கற்பூரம் ஏற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். எனக்கே ஆரத்தி! கடைக்காரர் அதிலும், அலமாரியில் கிடந்த ஒரு பழைய குட்டைக் கேமராவிலும் படமெடுத்தார். பீரங்கியில் நான் வெறும் புகை. குட்டையில் சுடரும் முகமும் துல்லியம்.

"ஜூம் கம்மிங்க, ஆனா வெளிச்சத்த ஜாஸ்தி வாங்கும். விலையும் பாதிதான்," என்றார் கடைக்காரர்.

கமலா திரையைப் பார்த்தாள். "அன்னிக்கு மலையக் காணோம். இன்னிக்கு உங்க முடியக் காணோம்."

குட்டையே வீடு வந்தது. அவள் தூங்கிவிட்டாள். படத்தை மறுபடி பார்த்தேன். ஓரத்தில், தட்டைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் இருக்கிறாள்.