லேடீஸ் ஒரு ரூம், ஜென்ட்ஸ் ஒரு ரூம்

11 ஜூன் 2025, புதன்

குர்பானிக் கறியில் மிஞ்சியதை உப்புக்கண்டம் போட்டு மொட்டை மாடியில் காய வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தோல் மண்டியிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மாடிக்கு ஏறி வந்தார். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, "கப்பல்ல போவமா? நீயும் நானும் மட்டும்" என்றார். சென்னையில் ஏறினால் இலங்கையைச் சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம்.

நீயும் நானும் மட்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. ஏர்வாடியோ கொடைக்கானலோ, போனால் வேன் நிறைய ஆள். வீட்டிலோ எல்லாருக்கும் பொதுவான பீரோ எங்கள் அறையில்தான் நிற்கிறது. சாவிக்கு, துணிக்கு, மாத்திரைக்கு என்று கொழுந்தன் வீட்டார் வந்துகொண்டே இருப்பார்கள். பகலில் அந்தக் கதவைச் சாத்தியதே கிடையாது. புருஷனிடம் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடிக்க எனக்கு வாய்த்ததில்லை.

13 ஜூன்

மகள் ரிஃபாத் போனிலேயே டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறாள். கடல் பார்த்த அறையாம், பால்கனி உண்டாம். இவர் கேட்கவில்லை. இவருடைய அக்கா மகன் இஷாக் நாகல் நகரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான், மக்காவுக்கு உம்ரா செய்யக் குரூப் குரூப்பாக ஆள் கூட்டிப்போகிறவன். "அவன விட்டுட்டு வெளிய போட்டா அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார். அதுவும் சரிதான் என்று நானும் தலையாட்டினேன்.

17 ஜூன்

இஷாக் பாஸ்போர்ட் வாங்க வந்தான். இதற்கு முன் கப்பலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். "கப்பலும் ஹோட்டல்தான் மாமி. தண்ணி மேல நிக்குது, அம்புட்டுதான்."

3 ஜூலை

டிக்கெட் வந்துக்கிட்டே இருக்கிறதாம். அதற்குள் கப்பலே வந்துவிடும் போல.

10 ஜூலை, வியாழன்

 எழுதினால்தான் இந்தக் கோபம் அடங்கும்.

இன்று டிக்கெட் வந்தது. ரிஃபாத் படித்துச் சொன்னாள். மொத்தம் பன்னிரண்டு பேர்! இஷாக் குரூப் சேர்த்துவிட்டான். என் அறையில் நான், மதினி — அதாவது இஷாக்கின் அம்மா — இன்னும் இரண்டு சொந்தக்காரப் பெண்கள். அவருக்குக் கீழ்த் தளத்தில் மூன்று ஆண்களோடு வேறொரு அறை.

உடனே இஷாக்குக்குப் போன் போட்டேன். அவனுக்குத் தப்பு என்றே உறைக்கவில்லை. "நம்ம குரூப்புல எப்பவும் லேடீஸ் ஒரு ரூம், ஜென்ட்ஸ் ஒரு ரூம்தானே மாமி. எல்லாருக்கும் ஒரே கலர்ல பேக்கும் சொல்லிட்டேன்" என்றான். கூடவே ஒரு சமையல்காரரையும் கூட்டிவரலாமா என்று கப்பல்காரர்களிடம் கேட்டானாம், முடியாது என்றுவிட்டார்களாம். அதில் அவனுக்கு வருத்தம் வேறு.

உம்ராவுக்குப் போனால் அப்படித் தங்குவதுதான் முறை, நானும் தங்கியிருக்கிறேன். இது உம்ராவாடா? புருஷனும் பொண்டாட்டியும் போற இடத்துல எதுக்குடா பன்னிரண்டு பேர்? பேக் கொடுக்கிறானாம் பேக்!

11 ஜூலை

நேற்று எழுதியது பாதிதான். மீதி இன்று தெரிந்தது.

காலையில் அவர் முன்னால் இட்லியை வைத்துவிட்டு இஷாக்கைத் திட்டித் தீர்த்தேன். அவர் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. அவன் உங்களிடம் கேட்டானா என்றேன்.

கேட்டிருக்கிறான். மண்டிக்கே வந்து, உங்க ரெண்டு பேருக்கும் தனி ரூமா மாமா என்று கேட்டிருக்கிறான். இவர், "எல்லாருக்கும் போடுற மாதிரியே போடுப்பா" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஏன்?

"வேலையாளுக நின்னாங்க. வெக்கமா இருந்துச்சு."

வெக்கமாம்! பேரன் பேத்தி எடுத்தாச்சு, இப்ப வந்து வெக்கம். யாரோட பொண்டாட்டி நான்? களவாண்டா கூட்டிட்டு வந்தீக? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இந்த மனுஷன் வாயைத் திறக்காததற்கு அந்தப் பையனை வைது தீர்த்தேனே.

14 ஜூலை

பேசவில்லை. சோறு வைக்கிறேன், வெஞ்சனம் வைக்கிறேன், பேசவில்லை.

சாயங்காலம் மதினி வந்தார். கப்பலுக்கென்று வாங்கிய புது நைட்டியைக் காட்டி, "நாம ரெண்டு பேரும் ஒரே ரூமு, விடிய விடியப் பேசலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், வெள்ளை மனசு. அவர்மேல் கோபப்பட வழியில்லாமல் போனதில் எனக்கு இன்னும் கோபம்.

17 ஜூலை

இன்று நானே ஆட்டோ பிடித்து நாகல் நகர் போனேன். இஷாக் ஆபீசில் உம்ராவுக்குப் பேர் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன், வீட்டில் வந்து பேசுகிறேன் மாமி என்று எழுந்தான். வேண்டாம் என்றேன்.

"எனக்கும் உங்க மாமாவுக்கும் ஒரே ரூம் போடு. எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

பெஞ்சில் ஒரு பெரியவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். இஷாக்கின் காது சிவந்துவிட்டது. இனிமேல் மாற்ற முடியாது என்றான். கப்பல் ஆபீசுக்குப் போன் போடு, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். போட்டான். நெடுநேரம் பேசினான்.

"ஒரே ஒரு ரூம் இருக்கு மாமி. ஆனா ஜன்னல் கிடையாது. கடல் தெரியாது."

"பரவால்ல. போடு."

நான் வீடு வந்து சேருமுன்னே சேதி மண்டிக்குப் போய்விட்டது. அவர் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இனி நாகல் நகர்ப் பக்கம் எப்படிப் போவேன் என்றார்.

"நடந்து போங்க" என்றேன். ஒரு வாரத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு.

2 ஆகஸ்ட்

பேக் வந்துவிட்டது. கிளிப்பச்சை. எடுத்துப்போக மாட்டேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி. கப்பலில்

அறை எங்கள் வீட்டு அடுப்படி அளவுதான். நாலு பக்கமும் சுவர். விடிந்ததா இல்லையா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னல் போன கோபம் இஷாக்மேல் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

காலை டீக்கு அப்புறம் அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்ன வயதில் அவர் அத்தாவுக்குத் தெரியாமல் மண்டியைவிட்டு ஓடிப்போய் இரண்டு நாள் ஒட்டன்சத்திரத்தில் லாரிக்குக் காய் ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. பாதிக் கதையில் கதவு தட்டும் சத்தம். மதினிதான். வெளி நடையில் குரூப் ஆட்களின் பேச்சும் கேட்டது.

அவர் எழுந்தார். திறக்கப் போகிறார், கதை அவ்வளவுதான் என்று நானும் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"மீரானு, கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்னடா பண்றீக?"

அவர் கதவின்மேல் கையை வைத்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"எம் பொண்டாட்டியோட பேசிக்கிட்டு இருக்கேன்க்கா. அப்புறமா வா."

திரும்பி வந்து உட்கார்ந்து, எதுவரை சொன்னேன் என்று கேட்டார்.