எதிரில் நிற்பவனின் முடிச்சு

மச்சான்,

இன்று காலை உன் தங்கை என் கபன் துணியை மொட்டைமாடிக் கொடியில் காயப் போட்டாள். நான் கண்மூடிய பின் என்னைப் பொதிவதற்காக, ஹஜ்ஜுக்குச் சென்றபோது ஜம்ஜம் நீரில் நனைத்து உலர்த்திக் கொண்டுவந்த துணி அது. ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து அதற்கு வெயில் காட்டுவது எங்கள் வழக்கம். அவள் உதறியபோது உள்ளே மடித்து வைத்திருந்த நாடாக்கள் தரையில் விழுந்தன. தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று எனக் கட்டுவதற்கானவை. இடுப்புக்குரியது சற்று நீளம். குனிந்து அதை எடுத்தேன். வெளுக்காத பருத்தியின் மணம் மூக்கில் ஏறியது. அடுத்த கணம் நான் சிதம்பரத்தில் இல்லை. முதுநகரின் பழைய சரக்குக் கிட்டங்கி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் நீ, காடாத் துணியில் தைத்த அந்தப் பொருந்தாத வெள்ளைச் சட்டையோடு.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. ஈப்போவில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி வந்தாய். மலேயாவிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் கடிகாரத்தையும் அத்தரையும் எதிர்பார்த்து உறவினர் வீடு நிறைய அமர்ந்திருந்தனர். நீ பெட்டிக்குள்ளிருந்து முதலில் எடுத்ததோ ஒரு கறுப்பு இடைக்கச்சை.

"என்ன மச்சான், அரைஞாண் கயிறு ஜாஸ்தி அகலமா இருக்கு?" என்று கேட்டேன். வீடே சிரித்தது, எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் நீதான். பிறகு, ஈப்போவில் ஒரு கொரியரிடம் டேக்வாண்டோ என்னும் கலையைப் பயின்றதாகச் சொன்னாய். கையும் காலுமே ஆயுதமாகிற அந்தப் போர்க்கலையின் பெயரைக்கூட அன்று எங்களில் எவரும் கேட்டதில்லை.

ஒரு மாதத்துக்குள், துறைமுகத்தருகே காலியாகக் கிடந்த கிட்டங்கியின் சாவியைப் பள்ளிவாசல் ஜமாத் தலைவரிடம் கெஞ்சி வாங்கிவிட்டாய். கட்டடம் அவருடையது. ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அவர் வீட்டு வாசலில் நின்று சாவி வாங்குவாய். வெயில் ஏறியதும் திருப்பிக் கொடுப்பாய். துறைமுகத்தில் வேலை பார்த்த இளைஞர்களும் கடைவீதிப் பையன்களும் சேர்ந்தார்கள். சீருடை காடாத் துணி. இடைக்கச்சையின் வண்ணங்களுக்கு வழியில்லாமல், மஞ்சள் நிலைக்கு உயர்ந்தவர்களின் கச்சையைச் சமையல் மஞ்சளில் முக்கி எடுத்தாய். ஒருவனின் தாயார் அதைச் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைக்க, மறுநாள் அது செக்கச் சிவந்து வந்து நின்றது. சிவப்போ கறுப்புக்கு ஒரு படி மட்டுமே கீழான நிலை.

"மாஸ்டர், நான் ஒண்ணும் பண்ணல. அம்மா தொவைச்சிட்டாங்க."

"அப்பன்னா உங்கம்மாதான்டா உனக்கு மாஸ்டர்" என்றாய். முற்றம் அதிர்ந்தது.

அந்நாளில் நான் முதுநகரிலிருந்து சிதம்பரத்துப் பள்ளி ஒன்றுக்கு ரயிலில் போய்வந்த தமிழாசிரியன். வெள்ளிக்கிழமை இரவுகளில் முதுநகர்ப் பள்ளிவாசலில் பயான் என்னும் சமய உரை செய்பவனும்கூட. மாணவர்கள் நாள்தோறும் சொல்ல ஓர் உறுதிமொழி வேண்டும், உன் கொரிய ஆசான் சொல்லிவைத்தவற்றைத் தமிழாக்கித் தா என்று நீ கேட்டபோது நான் உவகையோடு வெண்பாவில் யாத்துத் தந்தேன். தளை தட்டாத வெண்பா. நீ இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, "மச்சான், நல்லா இருக்கு. ஆனா இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்" என்றாய். பிறகு நீயே சுருக்கினாய்: கற்றதைத் தெருவில் காட்ட மாட்டேன், விழுந்தவனை அடிக்க மாட்டேன், எதிரில் நிற்பவன் உடம்பு எனக்கு அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறிக்கும் அந்தக் கடைசிச் சொல்லை, நம் மார்க்கம் அறியாத மாணவர்களும் பிழையின்றிச் சொன்னார்கள். என் வெண்பாவில் அந்தச் சொல் இல்லை என்பதை உணர்ந்து அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

இடர் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மோதுமுன் இருவரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்க வேண்டும் என்பது கொரிய முறை. கிட்டங்கி வழியே மீன் ஏலத்துக்குப் போகிற யாரோ அதைப் பார்த்துப் பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். ஜமாத்தார் என்னை அழைத்தனர். தலைவர் நேராகவே சொன்னார்: "மனுசனுக்கு மனுசன் குனியிறதாமே? உம்ம மச்சான்கிட்ட சொல்லிப்புடும். நிறுத்துனா சாவி. இல்லன்னா நம்ம புள்ளைங்க யாரும் அங்க போவ மாட்டாங்க, கிட்டங்கியும் கெடையாது."

குனிதல் இறைவன் ஒருவனுக்கே உரியது என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. உன்னிடம் வந்து அதையே சொன்னேன். நீ கையிலிருந்த கச்சையை மடித்து வைத்தாய். பிறகு, "மார்க்கத்துக்கு மாத்தமா நான் ஒண்ணும் செய்ய மாட்டேன் மச்சான். ஆனா எதிர நிக்கிறவன மதிக்கிறேன்னு காட்டாம ரெண்டு பேர மோத வுட்டா, அது பாடமா? தெருச் சண்டை. அத நான் சொல்லிக் குடுக்க மாட்டேன். கிட்டங்கிய மூடிட்டு அடுத்த கப்பல்ல ஈப்போவுக்கே போறேன்" என்றாய்.

உன் தங்கை உள்ளேயிருந்து அதைக் கேட்டாள். அன்று அவள் சமைத்ததில் உப்பே இல்லை. கடல் கடந்து போன அண்ணன் இனித் திரும்பிப் போகமாட்டான் என்று அவள் நம்பத் தொடங்கிய நாட்கள் அவை.

வழி காட்டியவர்கள் உன் மாணவர்களே. கம்மாபுரத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்து, முதுநகர் ரயில் சந்திப்பருகே மாமன் வீட்டில் தங்கி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான் செல்வராசு. அவன் கைக்கட்டை விரல் பிசகியிருந்ததால் அன்று கச்சையைக் கட்ட முடியவில்லை. துணி வியாபாரியின் மகன் காதர், "இங்க வாடா மாப்ள, நான் கட்டுறேன்" என்று அவன்முன் நின்று முடிச்சிட்டான். நீ அதைப் பார்த்தபடியே நின்றாய். மறுநாள் முதல் கிட்டங்கியில் வணக்கம் இல்லை. மோதப் போகிற இருவரும் ஒருவர் கச்சையை மற்றவர் கட்டிவிட வேண்டும். இறுக்கமாக, நேராக, மூச்சு முட்டாமல். அதுவே தொடக்கம்.

பத்து நாள் கழித்துச் செய்தியைத் தலைவரிடம் கொண்டுசென்றேன். அவர் உடனே இசையவில்லை. "முடிச்சு போட மட்டும் குனிய வேணாமா?" என்றார்.

"செருப்பு மாட்டவும் குனியுறோம் மாமா. அத யாரும் வணக்கம்னு சொல்றதில்லையே."

"வாத்தியாருல்ல, பேச்சுக்குக் கொறச்சலா!" என்று சிரித்தவர், உடனே முகம் இறுகினார். "அது போவட்டும். கை கால் முறுக்கேறிப் போயி நாளைக்கு இவனுவ துறைமுகத்துல அடிதடின்னு நின்னா யாரு பொறுப்பு? சாயங்காலம் அசர் தொழுதுட்டு நானே வந்து பாக்குறேன். பாத்துட்டு சொல்றேன்."

அன்று மாலை கிட்டங்கி முற்றத்தில் நிற்க இடமில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், கருவாட்டுக் கூடையோடு வந்த பெண்கள், தெருப் பிள்ளைகள். தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். அவர் அருகில் நான். சாவிக்கொத்து அவர் மடியில் கிடந்தது. நீ அதைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டாய். நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வராசும் காதரும் முன்வந்தனர். முந்தைய வாரம்தான் செல்வராசுக்குப் பச்சைக் கச்சை கிடைத்திருந்தது. உடன் சேர்ந்த காதருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குமைச்சல் அவன் முகத்தில் இருந்ததை நாம் இருவருமே கவனிக்கவில்லை. விரல் தேறியிருந்த செல்வராசு குந்தி நிதானமாகக் காதரின் கச்சையைக் கட்டினான். காதரும் அவனுக்குக் கட்டினான், இழுத்தால் உருவிக்கொள்ளும் சுருக்காக.

முதல் உதையை ஓங்கியதுமே செல்வராசின் பச்சைக் கச்சை சரிந்து காலடியில் விழுந்தது. சட்டை இருபுறமும் விரிந்து பறந்தது. கூட்டம் ஊளையிட்டது. "அவுந்துச்சுடா! கம்மாபுரத்தான் அடுத்து எத அவுக்கப் போறான்?" செல்வராசு கீழே பார்த்தான். காதரின் உதட்டோரச் சிரிப்பைப் பார்த்தான். அவன் முகம் கறுத்தது. வலக்கால் எழும்பியது. அந்தக் கால் முழு விசையோடு காதரின் தாடையை நோக்கிச் சுழன்று வந்ததை நான் பார்த்தேன். மரண வேளையில் சொல்லும் கலிமா என் வாயில் வந்துவிட்டது.

கால் நின்றது. காதரின் தாடைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதே உயரத்தில், அசையாமல். பிறகு மெல்ல இறங்கியது. ஊளை அடங்கி, கழிமுகத்துப் படகு ஒன்றின் துடுப்போசை கேட்டது.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இங்க வாடா. அந்தக் கால் ஏன் நின்னுச்சு? மாஸ்டர் கண்ணால சாடை காட்டுனானா?"

"இல்லீங்க மாமா."

"பொறவு?"

செல்வராசுக்கு மூச்சு வாங்கியது. "அவன் பெல்ட்ட நான்தானே கட்டி வுட்டேன். கட்டி வுட்ட நானே எப்படி ஒதைக்கிறது?"

"அவன் உனக்குக் கட்டுனது அவுந்து போச்சேடா?"

"அது அவன் கட்டுனது மாமா. நான் கட்டுனது அவுரல, பாருங்க."

எல்லோர் பார்வையும் காதரின் இடுப்புக்குப் போனது. முடிச்சு அப்படியே இருந்தது. காதர் அந்த முடிச்சை ஒரு கையால் மூடிக்கொண்டு அழுதான்.

தலைவர் சாவிக்கொத்தை உன்னிடம் வீசினார். "நீயே வச்சுக்கப்பா. தெனம் விடியக்காலையில வந்து கதவத் தட்டாத. தூக்கம் போவுது." போகும்போது என் தோளைத் தட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை பயானில் சினம் அடக்குவதைப் பற்றிப் பேசச் சொன்னார். பேசினேன். மறைவசனங்களும் பழம்பாடல்களும் சொல்லி நெடுநேரம் பேசினேன். ஆயினும் கேட்டவர்கள் தொழுகை முடிந்து வெளியே வந்து பேசிக்கொண்டதெல்லாம் செல்வராசின் காலைப் பற்றித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை மச்சான். நல்ல உரை எது என்று அறிந்தவன் நான்.

காதரை நீக்கிவிட வேண்டும் என்று மற்ற மாணவர்கள் கேட்டார்கள். நீ இசையவில்லை. "வெளிய அனுப்புனா இத வெளியத்தான் போயி செய்வான். நாளையிலேர்ந்து என் பெல்ட்ட காதருதான் கட்டணும்" என்றாய். மறுநாள் கைகளைத் தூக்கிக்கொண்டு அவன்முன் நின்றாய். அவன் கச்சையை எடுத்து உன் இடுப்பில் சுற்றினான். "பாத்துக் கட்டுடா. அவுந்தா என் மானந்தான் போவும்" என்றாய், சிரித்தபடி. அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். அந்தத் தண்டனைக்கு நீ கெடு எதுவும் வைக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனுக்கும் பச்சை வந்தது, சிவப்பு வந்தது, பின்னாளில் கறுப்பும் வந்தது. தலை நரைத்த பின்னும் வகுப்பு நாட்களில் உன் கச்சையை அவன்தான் கட்டினான்.

நீ ஈப்போவுக்குத் திரும்பவேயில்லை. முதுநகர் மண்ணிலேயே மூப்படைந்தாய். அந்த மண்ணிலேயே அடங்கினாய். உன்னைக் குளிப்பாட்டிக் கபனில் பொதிந்தபோது, தலைமாட்டு நாடாவை நான் கட்டினேன். இடுப்புக்கு வந்தபோது காதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அப்போது பேரன்கள். "அத வுடுங்க மாமா. மாஸ்டர் பெல்ட்ட நான்தான கட்டணும்."

விலகினேன். காதர் கட்டினார், நேராக.

கப்ருக் குழியில் இறக்கிய பின் முடிச்சுகளைத் தளர்த்திவிடுவது நம் வழக்கம். உள்ளே இறங்கியவன் நான். தலைமாட்டு முடிச்சு தொட்டதும் நெகிழ்ந்தது. கால்மாட்டுடையதும் அப்படியே. இடுப்பு முடிச்சில் என் விரல்கள் வழுக்கின. எவ்வளவு முயன்றும் இளகவில்லை. மேலே ஆட்கள் காத்திருந்தார்கள். அப்போது கப்ரின் விளிம்பிலிருந்து, இடுவதற்காகக் கையில் ஒரு பிடி மண்ணோடு குனிந்து நின்ற செல்வராசின் கரகரத்த குரல் கேட்டது.

"காதரு கட்டுனதா மாமா? அவுராது. பொறுமையா பாருங்க."

மச்சான், மண்ணறைக்குள் நின்று சிரித்த பாவத்தை இறைவன் பொறுத்தருள்வானாக. அழுகையும் அதோடு சேர்ந்தே வந்தது. பொறுமையாகப் பார்த்தேன், அவிழ்ந்தது. உன்னை உன் இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு மேலே ஏறி வந்தேன்.

நான் ஒருநாளும் உன் முற்றத்தில் கால் தூக்கியவன் அல்லன். இருந்தும் உன்னிடமிருந்து ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. சினம் மூண்டு நா எழும்பும்போது என் கை தானாகக் கைலியின் முடிச்சுக்குப் போகிறது. அவிழ்த்து, நிதானமாக மறுபடி இறுக்கிக் கட்டுகிறேன். அதற்குள் சொல்ல வந்த கடுஞ்சொல் பெரும்பாலும் போய்விடுகிறது.

மாடியிலிருந்து இறங்கியதும் இன்று அப்படித்தான் கட்டிக்கொண்டு நின்றேன். துணியை மடித்துக்கொண்டிருந்த உன் தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு மேல இப்ப கோவம்?"

"யாரு மேலயும் இல்ல. உங்கண்ணன நெனச்சுக்கிட்டேன்."

அவள் மறுபடி பெட்டியின் பக்கம் குனிந்தாள். இடுப்பு நாடாவை மட்டும் தனியே எடுத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அதைத் துணியின் மேற்புறமாக, கைக்கு முதலில் தட்டுப்படும்படி வைத்துப் பெட்டியை மூடினாள்.

"காதர்கிட்ட சொல்லி வச்சிருக்கீங்களா?" என்றாள்.

சொல்லி வைத்திருக்கிறேன், மச்சான்.