வெயிலில் வைத்த பூனை

1999 டிசம்பர் 14, செவ்வாய்

புருஷனை விட்டுவிட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பிய தங்கை செல்வி, கூடக் கொண்டுவந்தது ஒரு பூனையைத்தான். உடம்பில் முடியே கிடையாது, கால்களும் குட்டை. அந்த இனமே அப்படித்தானாம்.

காலையில் அது குளிரில் நடுங்கியது. பாவமாக இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மேல் வெயிலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அந்தக் குட்டைக் கால்களோடு அதற்குக் குதித்து இறங்க முடியாது என்று எனக்குத் தோன்றவேயில்லை. மத்தியானம் செல்வி கண்டுபிடித்தபோது முதுகெல்லாம் வெந்து சிவந்திருந்தது.

டவுணில் மாட்டு டாக்டர், "முடி எப்ப கொட்டுச்சு, சார்?" என்று கேட்டார். "பிறவியே இப்படித்தான்" என்றேன். "இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லையே. ஈரத்துணி போட்டுப் பாருங்க" என்றார்.

செல்வி திட்டவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, அண்ணே" என்றாள், அவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூனை வந்து என் மடியில் ஏறிச் சூட்டுக்கு ஒண்டிப் படுத்திருக்கிறது. தடவிக்கொடுக்க அதன் முதுகில் இடமில்லை.