மூட்டையில் எழுதிய பெயர்

காமயகவுண்டன்பட்டி
ஆனி 5 (19-6-1942)

அன்புள்ள தம்பி கர்ணனுக்கு அக்காள் மலையம்மாள் எழுதுவது.

நானும் பிள்ளை ராஜாத்தியும் சுகம். போன மாதம் நீ போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. தேயிலைத் தோட்டத்து லாரி வேலையை விட்டுவிட்டு ஏரோப்பிளேனில் போகிறாய், பர்மாவிலிருந்து நடந்து வருகிற ஜனங்களுக்கு அரிசி மூட்டை தள்ளிவிடுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். கதவே இல்லை என்கிறாய். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாயா?

உன் மச்சானும் அந்த வழியில்தான் வருகிறார்கள். கப்பல் கிடைக்கவில்லை, கால்நடையாகவே வருகிறேன் என்று மாசியில் ரங்கூனிலிருந்து ஒரு கார்டு வந்தது. அதோடு சரி. நீ மேலேயிருந்து பார்க்கிறவன். அவர்களைப் பார்த்தாயா? உடனே பதில் போடு.

அக்காள்
மலையம்மாள்

அஸ்ஸாம்
8-7-1942

அன்புள்ள அக்காவுக்கு,

யுத்தகாலம் என்பதால் எந்த ஊர் என்று போடக் கூடாதாம். தோட்டத்துத் துரைமார் சேர்ந்து அகதிகளுக்காகக் கமிட்டி வைத்திருக்கிறார்கள். லாபத்துக்கில்லை. விமானம் பட்டாளத்துடையது. மழையில் ஆறுகள் பெருகி, ஆயிரக்கணக்கான பேர் காட்டுக்குள் முன்னேயும் வர முடியாமல் பின்னேயும் போக முடியாமல் கிடக்கிறார்கள்.

ஆற்றோரம் மரங்களை வெட்டி ஒரு திடல் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் தாழப் பறக்கும்போது விமானத்துக்குள் மணி அடிப்பார்கள். நாங்கள் மூன்று பேர் மல்லாந்து படுத்து மூட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ளுவோம். பிடித்துக்கொள்ளக் கயிறு இருக்கிறது, பயப்படாதே. கீழே ஆட்கள் விரல் உயரம்தான் தெரிகிறார்கள். மச்சான் அதில் இருந்தாலும் எனக்குத் தெரியாது அக்கா. கையை ஆட்டுகிறார்கள். வா என்கிறார்களா, போ என்கிறார்களா, அதுகூட விளங்கவில்லை.

தம்பி
கர்ணன்

காமயகவுண்டன்பட்டி
ஆடி 14 (29-7-1942)

அன்புள்ள தம்பிக்கு,

உன்னால் அவர்களைப் பார்க்க முடியாவிட்டால் உன் எழுத்தையாவது அவர்கள் பார்க்கட்டும். சாக்கின் மேல் உன் மச்சான் பேரைத் தமிழில் போடு. வீட்டில் எல்லோரும் சுகம், கர்ணன் இங்கே இருக்கிறேன் என்று எழுது.

பக்கத்து வீட்டு இருளம்மாளிடம் சொன்னேன். "காட்டுக்குள்ள யாரு ஆத்தா தமிழ் வாசிக்கப் போறாக?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பொட்டலம் மடித்த தாளைக்கூட வாசித்துவிட்டுத்தான் உன் மச்சான் கீழே போடுவார்கள். வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருக்கிறேன்.

அக்காள்
மலையம்மாள்

அஸ்ஸாம்
20-8-1942

அக்காவுக்கு,

நேற்றும் இன்றும் தாரைத் தொட்டு இருபது சாக்குகளில் எழுதினேன். பெரிய எழுத்தில் சுருளியாண்டி என்று போட்டேன். இதென்ன என்று துரை கேட்டார். அரிசி என்று எழுதியிருக்கிறேன் என்றேன். சரி என்று போய்விட்டார். அங்கங்கே ரயில் நிற்கிறது என்கிறார்கள். இது எப்போது வந்து சேருமோ.

கர்ணன்

அஸ்ஸாம்
25-9-1942

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதுவதா வேண்டாமா என்று எட்டு நாளாய்த் தெரியவில்லை.

உத்தமபாளையத்துக்காரர் ஷேக் மைதீன், ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், காட்டைக் கடந்து முகாமுக்கு வந்து காய்ச்சலில் கிடக்கிறார். என் பேச்சைக் கேட்டதும் நம் பக்கம் என்று கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

விமானம் போய் முடியும்வரை திடலுக்குள் யாரும் வரக் கூடாது. மூட்டை மேலே விழுந்தால் ஆள் பிழைக்காது. ஒரு நாள் முதல் சுற்றில் விழுந்த மூட்டை ஒன்று ஓரத்துக்கு உருண்டதாம். தமிழ் ஆள் ஒருவர் அதிலிருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "எம்பேருய்யா, இது எம்பேரு" என்று சொல்லிக்கொண்டே ஓடினாராம். நில்லுங்கள் என்று இவர் கத்தியிருக்கிறார். அதற்குள் விமானம் திரும்பி வந்துவிட்டது. அந்த ஆளை ஆற்றோரத்திலேயே புதைத்தார்களாம்.

எந்த ஊர்க்காரர் என்று ஷேக் மைதீனுக்குத் தெரியவில்லை. கால் தாங்கித் தாங்கி நடப்பவர் என்கிறார். மச்சானுக்குக் கால் நன்றாகத்தானே இருந்தது? ஆனால் அவ்வளவு தூரம் நடந்தால் யாருடைய கால்தான் நன்றாக இருக்கும்? நம் பக்கத்தில் சுருளியாண்டி என்று எத்தனையோ பேர். நான் எழுதிய சாக்குகளை மற்ற விமானங்களும் ஏற்றிப் போயின. தள்ளியது நானா, வேறு யாராவதா, அதுவும் தெரியவில்லை.

இப்போது நான் மேலே போவதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருக்கிறேன்.

கர்ணன்

காமயகவுண்டன்பட்டி
ஐப்பசி 12 (28-10-1942)

தம்பி கர்ணனுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒரு தடவை அவர்களாய்த் தெரிகிறது, ஒரு தடவை வேறு ஆளாய்த் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பூவை எடுத்தால் வைக்கக் கை வரவில்லை. கீழே போடவும் மனம் வரவில்லை. அப்பா எப்போது வருவார் என்று ராஜாத்தி கேட்டால் வருவார் என்கிறேன். அது பொய்யா, மெய்யா?

உத்தமபாளையம் போய் ஷேக் மைதீன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் உயிரோடு இருப்பதே நான் சொல்லித்தான் அவர் மனைவி சுல்தான் பீவிக்குத் தெரிந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒங்க தம்பி போட்ட அரிசியத் தின்னுதான் அவுக பிழைச்சிருக்காக" என்றாள். எனக்குச் சந்தோஷமா எரிச்சலா என்று தெரியவில்லை. அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. அது வேறு சுருளியாண்டி என்றால் அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருக்குமே, அங்கே யார் போய்ச் சொல்வது? பார், உன் மச்சான் பேரைக் கையால் எழுதிவிட்டேன்.

கோபம் உன் மேலா, எழுதச் சொன்ன என் மேலா என்றும் பிடிபடவில்லை. காட்டுக்குள் இன்னும் ஜனங்கள் இருந்தால் படுத்திருக்காதே, எழுந்து போ. சாக்கில் மட்டும் ஒன்றும் எழுதாதே.

எல்லோரையும் கரையேற்றிவிட்டால் தைப் பொங்கலுக்கு ஊருக்கு வா. வந்த அன்று நான் உன்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பேன். அதற்காகக் கிளம்பிவிடாதே. சாப்பிட்டுவிட்டுப் படு. மறுநாள் நானே வந்து கேட்பேன். அப்போது உன் வாயால் முதலிலிருந்து சொல்லு.

அக்காள்
மலையம்மாள்